திருமலைத் தாங்கிகள்: ஏற்றுமதிக் கனவுக்கு முன் நாம் கேட்க வேண்டிய கணக்கு

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பில் இருந்தபோது, எமது மாவட்டத்தின் பெயர் தாங்கிய புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து திருகோணமலையை ஓர் எரிசக்தி மையமாக மேம்படுத்துவது அதன் நோக்கம். அன்றிலிருந்து கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் ஒரே பேச்சுத்தான். "இனி இலங்கை எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடாகப் போகிறது" என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். "தாங்கிகளையும் விற்றுவிட்டார்கள்" என்று இன்னொரு சாரார் கோபப்படுகிறார்கள்.

இரண்டு தரப்பும் ஒரு கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுவதாக எனக்குப் படுகிறது. நாட்டுக்கு வரும் எண்ணெய்க்கும் நாட்டை விட்டுப் போகும் எண்ணெய்க்கும் இடையில் எமக்கென்று மிஞ்சப் போவது எது? இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

எண்ணெய் இல்லாத நாட்டின் எண்ணெய் ஏற்றுமதி

இலங்கை மண்ணிலிருந்து இன்றுவரை வணிக ரீதியாக ஒரு பீப்பாய் எண்ணெய்கூட எடுக்கப்பட்டதில்லை. 2011 இல் மன்னார் கடற்படுகையில் கெய்ர்ன் நிறுவனம் இயற்கை வாயுவைக் கண்டுபிடித்தது. ஆனால் 2015 இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. வாயு இன்னும் கடலுக்கடியிலேயே இருக்கிறது.

அப்படியிருந்தும் மத்திய வங்கியின் ஏற்றுமதி அட்டவணையில் "பெற்றோலிய உற்பத்திகள்" என்றொரு வரி ஒவ்வோராண்டும் இடம்பெறுகிறது. 2021 இலும் 2022 இலும் அதன் பெறுமதி அரை பில்லியன் டொலரைச் சற்றுத் தாண்டியிருந்தது. எண்ணெயே இல்லாத நாடு எதை ஏற்றுமதி செய்கிறது? எமது துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நிரப்பும் எரிபொருளும், கட்டுநாயக்கவில் வெளிநாட்டு விமானங்களுக்கு நிரப்பும் எரிபொருளுமே இந்த வரியின் பெரும்பகுதி. வெளியிலிருந்து வாங்கியதை, அல்லது வாங்கிச் சுத்திகரித்ததை, மறுபடி வெளியாருக்கு விற்கிறோம். அவ்வளவுதான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். எரிபொருள் இறக்குமதிக்கு நாம் செலவிட்டது 2020 இல் சுமார் 2.5 பில்லியன் டொலர். 2021 இல் சுமார் 3.7 பில்லியன். ரஷ்ய-உக்ரேன் யுத்தத்தால் உலக விலை ஏறிய 2022 இல் அது சுமார் 4.9 பில்லியனாக உயர்ந்தது. வரிசையில் காத்து நின்றும் எண்ணெய் கிடைக்காத அதே ஆண்டில்தான் எண்ணெய்க்காக இவ்வளவு டொலர் போனது. 2023 இல் சுமார் 4.7 பில்லியன், 2024 இல் சுமார் 4.3 பில்லியன். ஏற்றுமதி வரியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்து ரூபா போகும் இடத்தில் ஒரு ரூபா திரும்பி வந்த கதைதான் 2022 இன் கதை.

இந்தக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்?

இந்த டொலர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை எமது ஊர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் புல்மோட்டையிலும் சவூதி, குவைத், கத்தார் என்று யாரையாவது அனுப்பாத தெரு உண்டா? பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வீட்டுப் பணிக்குப் போன சகோதரிகளும், வெயிலில் கட்டட வேலை செய்யும் இளைஞர்களும் அனுப்பும் பணமே இந்த நாட்டின் எண்ணெய்க் கட்டணத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது.

இதையும் இலக்கங்களில் பார்க்கலாம். வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய பணம் 2020 இல் சுமார் 7.1 பில்லியன் டொலர். 2021 இல் சுமார் 5.5 பில்லியன். வங்கி வழி அனுப்புவதை மக்கள் நிறுத்தி, உண்டியல் வழியை நாடிய 2022 இல் அது சுமார் 3.8 பில்லியனாகச் சரிந்தது. அந்த ஆண்டின் எரிபொருள் கட்டணம் 4.9 பில்லியன் என்பதை நினைவில் வையுங்கள். உழைப்பாளர் அனுப்பிய முழுப் பணமும் எண்ணெய்க்குக்கூடப் போதவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியதற்குக் காரணங்கள் பல. இந்த இடைவெளியும் அவற்றில் ஒன்று. 2024 இல் அனுப்பப்பட்ட பணம் சுமார் 6.6 பில்லியனாக மீண்டது. எண்ணெய்க்குக் கொடுத்த பின்னும் கையில் ஏதோ மிஞ்சியது.

வளைகுடாவிலிருந்து எமது பிள்ளைகளின் வியர்வை டொலராக வருகிறது. அந்த டொலரில் கணிசமான பகுதி எண்ணெய் வாங்க மறுபடியும் வளைகுடாவின் பக்கமே போகிறது. ஆகவே எண்ணெய் ஏற்றுமதி-இறக்குமதிச் சமநிலை என்பதைக் கொழும்பு அதிகாரிகளின் புள்ளிவிபரமாக மட்டும் நாம் பார்க்க முடியாது. அது எமது வீட்டுக் கணக்கு.

தாங்கிகளின் கதை

சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் தாங்கிகளை இரண்டாம் உலக யுத்த காலத்தை ஒட்டிப் பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டினார்கள். இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோ லீற்றர் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் தாங்கியொன்றின் மீது மோதியது. அந்தத் தாங்கி பல நாட்கள் எரிந்தது. உருக்குலைந்த அதன் எச்சத்தை இன்றும் காணலாம். இந்த எண்ணெய் தூரத்து யுத்தங்களுக்கானதாக இருந்தாலும், அதன் நெருப்பு எமது வானத்தில்தான் எரிந்தது.

1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961 இல் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தின் மூலம் உருவானது. ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய கம்பனிகளின் சொத்துக்கள் அரசுடைமையாக்கப்பட்டதற்காக 1963 இல் அமெரிக்கா இலங்கைக்கான உதவியையே நிறுத்தியது. 1969 இல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அது ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. 2012 இல் ஈரான் மீதான தடைகள் இறுகியபோது அந்த நிலையமும் தடுமாறியது. அன்று வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 250 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு காண வேண்டியிருந்தது. எண்ணெய் விடயத்தில் எமது நாடு எடுத்த ஒவ்வொரு முடிவிலும் வெளிநாட்டு அரசியல் இப்படித்தான் நுழைந்திருக்கிறது.

தாங்கிகளுக்கும் அதே கதை. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இத்தாங்கிகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகப் புனரமைத்து இயக்கும் என்ற வாசகம் இடம்பெற்றது. 2003 இல் எட்டப்பட்ட இணக்கப்படி, 35 வருடக் குத்தகைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் டொலர் என்று பேசப்பட்டது. 99 தாங்கிகளுக்கும் அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு தாங்கிக்கு வருடத்துக்கு ஆயிரம் டொலர் அளவில்தான் வரும். கிண்ணியாச் சந்தையில் ஒரு கடை அறையை அந்த விலைக்கு எடுக்க முடியுமா?

2022 ஜனவரியில் அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது. 14 தாங்கிகள் லங்கா ஐஓசி நிறுவனத்துக்கு, 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 தாங்கிகள் இருவரும் சேர்ந்து அமைத்த "ட்ரின்கோ பெற்றோலியம் டேர்மினல்" என்ற கூட்டுக் கம்பனிக்கு எனப் பிரிக்கப்பட்டன. கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், ஐஓசியின் பங்கு 49 வீதம். குத்தகைக் காலம் 50 வருடங்கள். முந்திய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், அதை மறுக்கக் கூடாது. ஆனால் மேல் பகுதித் தாங்கிகளில் பெரும்பாலானவை இன்னும் துருவேறி, மரங்களுக்கு நடுவில் வெறுமையாகவே நிற்கின்றன. எழுத்தில் 51 வீதம் இருந்தென்ன, வெறுந்தாங்கியில் பங்கு கேட்டு என்ன பயன்?

2022 எமக்குக் கற்பித்த பாடம்

2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்கள் யாருக்கும் மறந்திருக்காது. கூட்டுத்தாபனத்தின் கையிருப்பு வற்றியிருந்த அந்த நாட்களில் நாட்டின் பல பகுதிகளுக்கும் எரிபொருள் ஏற்றிய பவுசர்கள் சீனக்குடாவில் ஐஓசி பயன்படுத்தும் தாங்கிகளிலிருந்தே புறப்பட்டன. அந்தப் பவுசர்கள் எமது வீதியால் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எமது வரிசையும் அசையாமல்தான் நின்றது.

அதற்குப் பின் வந்த அடி கடலோரத்தில் விழுந்தது. 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய எமது சிறு படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு 25 லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 2,175 ரூபாவுக்குக் கடலுக்குப் போனவர் மறுநாள் 8,500 ரூபா வைத்திருந்தால்தான் படகைத் தள்ளலாம். மீன் படுமா படாதா என்பது அதற்குப் பிறகு. கொட்டியாரக்குடாக் கரையில் எத்தனையோ படகுகள் அந்த மாதங்களில் மணலிலேயே கிடந்தன. எனது உறவினர் ஒருவர் அப்போது இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். இன்னும் கடலுக்குத் திரும்பவில்லை. விலை பின்னர் குறைந்தது உண்மை. ஆனால் 87 ரூபா திரும்பி வரவேயில்லை.

அண்மையில் துறையடியில் ஒரு தேநீர்க் கடையில் முதிய மீனவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, தாங்கியெல்லாம் நிரம்பப் போகுதாமே, எங்கட வள்ளத்துக்கு எண்ணெய் விலை குறையுமா?" குறையாது என்பதே நேர்மையான பதில். தாங்கி பக்கத்தில் இருப்பதால் விலை குறைவதில்லை. விலையைத் தீர்மானிப்பது உலகச் சந்தையும், டொலரின் பெறுமதியும், அரசாங்கத்தின் வரியும். பக்கத்தில் நிரம்பிய தாங்கி இருந்தால் வேறொரு நன்மை உண்டு. கப்பல் வராத வாரத்திலும் எண்ணெய் இருக்கும். தாங்கி தருவது கால அவகாசம். 2022 இல் நாட்டிடம் இல்லாமல் போனது டொலரோடு சேர்த்து இந்த அவகாசமும்தான்.

எவ்வளவு அவகாசம் என்று கணக்கிடலாம். 99 தாங்கிகளும் நிரம்பினால் சுமார் 75 இலட்சம் பீப்பாய். நாட்டின் ஒரு நாள் பாவனையை ஏறத்தாழ ஒரு இலட்சம் பீப்பாய் என்று கொண்டால், அது இரண்டு மாதத்துக்கும் மேலான தேவை. கூட்டுத்தாபனத்துக்குரிய 24 தாங்கிகள் மட்டும் நிரம்பினாலே சுமார் 18 நாள் தாங்கும். சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்குச் சமமான இருப்பை வைத்திருக்கக் கடமைப்பட்டவை. இலங்கை அதில் உறுப்பினர் இல்லை. கடமை இல்லாவிட்டாலும் தேவை அதே தேவைதான்.

பெரிய ஏற்றுமதி, சிறிய மிச்சம்

இனி ஏற்றுமதிக் கனவுக்கு வருவோம். இதற்கு இரண்டு கரைகள் உண்டு. தெற்கில் அம்பாந்தோட்டையில் சீனாவின் சைனொபெக் நிறுவனம் சுமார் 3.7 பில்லியன் டொலர் முதலீட்டில், நாளொன்றுக்கு 2 இலட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்க 2025 ஜனவரியில், ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்கவின் சீன விஜயத்தின்போது உடன்பாடு கண்டது. அதன் உற்பத்தியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. கிழக்கில் திருகோணமலையில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும். சப்புகஸ்கந்தவின் கொள்ளளவு நாளொன்றுக்கு சுமார் 50,000 பீப்பாய் என்பதை வைத்து இந்தத் திட்டங்களின் அளவை விளங்கிக்கொள்ளலாம்.

அம்பாந்தோட்டை நிலையம் முழுமையாக இயங்கினால் இலங்கையின் ஏற்றுமதிப் புள்ளிவிபரம் பாய்ந்து உயரும். ஆனால் அதற்கு முதல் இறக்குமதிப் புள்ளிவிபரம் உயரும். பீப்பாய் 70 டொலர் என்று வைத்தால், நாளொன்றுக்கு 2 இலட்சம் பீப்பாய் மசகு எண்ணெய் வாங்க ஆண்டுக்கு 5.1 பில்லியன் டொலர் வேண்டும். இது 2022 இல் முழு நாடும் எரிபொருளுக்குச் செலவிட்டதை விட அதிகம். இந்த 5.1 பில்லியன் ஒரு வாசலால் உள்ளே வந்து, சற்றுக் கூடிய விலையில் மறு வாசலால் வெளியே போகும். நடுவில் மிஞ்சும் சிறு தொகைதான் உண்மையான வருமானம். அதிலும் முதலீட்டாளரின் இலாபம் அவருடைய நாட்டுக்குப் போகும். வரிச் சலுகை கொடுத்திருந்தால் திறைசேரிக்கும் பெரிதாக ஒன்றும் சேராது. எமக்கு மிஞ்சுவது துறைமுகக் கட்டணம், சம்பளம், உள்ளூர்க் கொள்வனவு.

வியாபாரம் தெரிந்த சமூகம் நாம். சந்தையில் ஒரு நாளைக்கு ஆயிரம் மூடை அரிசி கைமாறினாலும் தரகரின் வீட்டுக்குப் போவது தரகு மட்டுமே என்பதை எமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. எண்ணெய் மையம் என்பதும் தரகுத் தொழில்தான். நல்ல தொழில், ஆனால் மூடைகளை எண்ணி மகிழக் கூடாது. தரகு எவ்வளவு, அதில் எமது பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இதைச் செய்து முன்னேறியவர்கள் இல்லாமலில்லை. சொந்த எண்ணெய் இல்லாத சிங்கப்பூர் 2023 இல் மட்டும் 5 கோடி தொன்னுக்கும் அதிகமான எரிபொருளைக் கப்பல்களுக்கு விற்றது. ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே இருக்கும் புஜைரா, அந்த இருப்பிடத்தையே மூலதனமாக்கிப் பெரிய சேமிப்பு மையமானது. 2012 இல் அபுதாபியின் எண்ணெய் வயல்களிலிருந்து புஜைராவுக்குக் குழாய் போடப்பட்டதும் அதே காரணத்துக்காகத்தான். எமது நிலை சற்று வேறு. கிழக்கு-மேற்குக் கப்பல் பாதை தெற்குக் கரையை ஒட்டிப் போவதால், கப்பலுக்கு எண்ணெய் நிரப்பும் தொழிலில் அம்பாந்தோட்டைக்கே அனுகூலம் அதிகம். திருகோணமலையின் பலம் ஆழமான, காற்றுக்கு ஒதுக்கான துறைமுகமும், ஏற்கனவே நிற்கும் தாங்கிகளும், வங்காள விரிகுடா நாடுகளுக்கு அருகாமையும். சுருக்கமாகச் சொன்னால், விற்பதை விடச் சேமித்து வைப்பதற்குப் பொருத்தமான இடம் இது.

மங்களூரில் இருக்கும் பாடம்

பேரம் பேச வேண்டிய இடமும் இதுதான். 24 தாங்கிகளைச் சொந்தப் பணத்தில் நிரப்ப வேண்டுமானால், பீப்பாய் 80 டொலர் என்று வைத்தாலும் 140 மில்லியன் டொலருக்கும் மேல் முடங்கும். கடன் மீளமைப்பிலிருந்து இப்போதுதான் எழும்பி வரும் நாட்டுக்கு அது இலேசல்ல. ஆனால் எண்ணெய் எம்முடையதாக இருக்க வேண்டியதில்லை, எமது நிலத்தில் இருந்தாலே போதும் என்ற வழி ஒன்று உண்டு.

அந்த வழியை எமது கூட்டாளிகள் இருவருமே நடந்து காட்டியிருக்கிறார்கள். இந்தியா விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் 53 இலட்சம் தொன் கொள்ளும் அவசரகாலச் சேமிப்பகங்களைக் கட்டியது. மங்களூரில் ஒரு பகுதியை அபுதாபியின் அட்நொக் நிறுவனத்துக்கு 2018 இல் கொடுத்தது. எண்ணெய் அட்நொக்கினுடையது, செலவும் அட்நொக்கினுடையது. ஆனால் அவசரநிலை வந்தால் அந்த எண்ணெயை வாங்கும் முதல் உரிமை இந்தியாவுக்கு. இந்தியா தன்னுடைய மக்களுக்காக அபுதாபியிடம் கேட்டுப் பெற்ற அதே நிபந்தனையை, திருகோணமலையில் நாம் இந்தியாவிடமும் அபுதாபியிடமும் கேட்டால் அதில் என்ன தவறு? அவர்களுக்கு விளங்காத கோரிக்கையும் அல்ல இது.

இந்த முதல் உரிமை இல்லாமல் தாங்கிகள் நிரம்பினால் என்ன நடக்கும்? இன்னொரு 2022 வரும்போது எமது கண்ணெதிரே நிரம்பிய தாங்கிகள் நிற்கும், அதிலுள்ள எண்ணெய் வேறு யாருக்கோ விற்கப்பட்டிருக்கும். ஏற்றுமதி அட்டவணையில் அது வெற்றியாகப் பதிவாகும். வரிசையில் நிற்கும் மக்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலை வழியாகக் கொழும்புக்கு எரிபொருள் குழாய் என்ற யோசனையும் மேசையில் இருக்கிறது. 2023 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்கவின் புதுடில்லிப் பயணத்திலும், 2024 டிசம்பரில் அநுர குமாரவின் பயணத்திலும் குழாய் பற்றிப் பேசப்பட்டது. குழாயால் கப்பல் செலவு குறையலாம். ஆனால் ஒரே குழாயில் தங்கும் நாடு அதன் மறுமுனையில் இருப்பவரின் நல்லெண்ணத்திலும் தங்கியிருக்கும். குழாய் வருமானால் தனியான கையிருப்பின் தேவை குறையாது, கூடும்.

2025 ஜூன் மாதம் ஈரான் மீது இஸ்ரேல் தொடுத்த பன்னிரண்டு நாள் யுத்தத்தின்போது ஹோர்முஸ் நீரிணையை மூடும் யோசனைக்கு ஈரானியப் பாராளுமன்றம் ஆதரவு தெரிவித்தது. உலக எண்ணெய்ப் பாவனையில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒடுங்கிய கடல் வழியாகவே போகிறது. அந்த முறை வழி மூடப்படவில்லை. மூடப்பட்டால் எமக்கு இரண்டு பக்கமும் இடி விழும். எண்ணெய் வராது, எண்ணெய்க்குப் பணம் அனுப்பும் எமது பிள்ளைகளின் தொழிலும் ஆட்டம் காணும். இந்த இரட்டை ஆபத்துக்கு எதிராக நாடு கையில் வைத்திருக்கக் கூடிய சில கேடயங்களில் ஒன்று சீனக்குடாத் தாங்கிகள்.

இந்த மாவட்டம் கேட்க வேண்டியவை

நாம் இந்த உடன்படிக்கையைக் கண்ணை மூடி எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்பது வருடங்களாகத் துருவேறும் தாங்கியால் யாருக்கும் நன்மை இல்லை. அதைப் புனரமைக்கும் பணமும் எம்மிடம் இல்லை. எமது பேரம் நிபந்தனைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

முதலாவது, உடன்படிக்கையின் முழு வாசகம். ஏப்ரலில் கைச்சாத்தானவற்றைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்போதே எழுந்தது. வாசகத்தைப் பார்க்காமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் இருட்டில் கல்லெறிவதுதான். எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதை ஒரே குரலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அவசரகால முதல் உரிமை. கூட்டுத் தாங்கிகளில் வெளியார் வைக்கும் எண்ணெயை நெருக்கடி நேரத்தில் முதலில் வாங்கும் உரிமை இலங்கைக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அத்துடன் கூட்டுத்தாபனத்தின் 24 தாங்கிகளை வியாபாரத்துக்கு விடாமல் தேசிய கையிருப்புக்கென ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, கடல். 2020 செப்டெம்பர் 3 அன்று குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெயுடன் சென்ற "நியூ டயமண்ட்" கப்பல் சங்கமன்கண்டிக் கடலுக்கு அப்பால் தீப்பிடித்தது. எண்ணெய்த் தாங்கிகள் தப்பியது இறைவனின் அருள். அடுத்த ஆண்டு "எக்ஸ்பிரஸ் பேர்ள்" கப்பல் விபத்தில் மேற்குக் கரை தப்பவில்லை. அதற்கு 1 பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில், நான்கு ஆண்டுகளுக்குப் பின். கொட்டியாரக்குடாவில் அப்படியொன்று நடந்தால் மீனவர் நான்கு ஆண்டுகள் காத்திருக்க முடியாது. எண்ணெய்க் கசிவைக் கட்டுப்படுத்தும் உபகரணங்களும், நட்டஈட்டுக்கான நிதியும் முதல் கப்பல் வருவதற்கு முன்பே இங்கு இருக்க வேண்டும். மீனவர் எங்கே வலை போடலாம், எங்கே போடக்கூடாது என்பதையும் அவர்களோடு பேசியே தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, தொழில். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் சுமார் 40 வீதத்தினர் முஸ்லிம்கள், மீதி தமிழரும் சிங்களவரும். தாங்கிக்கு இனம் கிடையாது, அதன் புகைக்கும் கிடையாது. காவலாளி வேலையும் லொறிக்குச் சுமை ஏற்றும் வேலையும் மட்டும் உள்ளூருக்கு, பொறியியலாளரும் கணக்காளரும் வெளியிலிருந்து என்ற நிலை வரக்கூடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களும் இப்போதே இதற்கான பாடநெறிகளைத் தொடங்கினால்தான், தாங்கிகள் நிரம்பும் நாளில் எமது மூன்று சமூகப் பிள்ளைகளும் தகைமையோடு நிற்பார்கள். வளைகுடாவுக்கு விமானம் ஏறும் ஒரு தாயையாவது இந்தத் திட்டம் வீட்டில் நிறுத்துமானால், அதுவும் எண்ணெய்க் கணக்கில் ஒரு வரவுதான்.

ஐந்தாவது, மண்ணெண்ணெய். மையத்திலிருந்து கிடைக்கும் வருமானத்தில் ஒரு சிறு பகுதி மாவட்ட மீனவரின் எரிபொருள் நிவாரணத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதலாம். உலகச் சந்தையை நாம் மாற்ற முடியாது. ஆனால் எமது கரையில் சம்பாதிக்கும் பணத்தை எமது கரையில் செலவிடுமாறு கேட்கலாம்.

2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்டது. எண்ணெய்ப் பணம் எமக்குக் கைக்கெட்டும் பொருளாக வந்த அரிய சந்தர்ப்பம் அது. அதன் பயனை அன்றாடம் அதைக் கடந்து போகும் ஒவ்வொருவரும் உணர்கிறார்கள். சீனக்குடாத் திட்டத்துக்கும் அதே அளவுகோலை வைப்போம். ஐந்து வருடங்களுக்குப் பிறகு ஏற்றுமதி எத்தனை பில்லியன் என்று யாராவது மேடையில் சொன்னால், கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம்: நாட்டில் எத்தனை நாளுக்கு எண்ணெய் இருக்கிறது? அந்த எண்ணெயில் முதல் உரிமை யாருக்கு? இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு நிரந்தரத் தொழில் கிடைத்தது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் அது நல்ல உடன்படிக்கை. முடியாவிட்டால், அது எமது நிலத்தைக் கடந்து போன எண்ணெய் மட்டுமே.